ரெண்டாவது குரல்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க தம்பி. பையில இருக்கிறது கம்ப்யூட்டர். மேல தூக்கி வைங்கன்னு கண்டக்டர் சொல்றான். பிரேக் போட்டுக் கீழ விழுந்தா அவனா வந்து கட்டி அழுவான்? மடியிலேயே இருக்கட்டும். மதுரைக்கு ரெண்டு மணி நேரம்தானே. நீங்களும் மதுரைதானா? அப்பச் சரி, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என் குரலை எங்கயாச்சும் கேட்ட மாதிரி இருக்கா? யோசிச்சுப் பாருங்க. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கீங்கள்ல? "திருநெல்வேலி மார்க்கமாக நாகர்கோவில் செல்லும் பேருந்து, இரண்டாவது நடைமேடையிலிருந்து, இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்." பாத்தீங்களா, முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்காங்க! இருபத்தாறு வருசம் டைம் ஆபீசுல மைக்கு பிடிச்சவன் நான். சண்முகையான்னு பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. குரலைக் கேட்டா கைக்குழந்தைகூட நிமிந்து பாக்கும். ரிடையர் ஆகி மூணு வருசம் ஆச்சு, இன்னமும் காலையில பத்து மணிக்குப் போயி டைம் ஆபீசுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வருவேன். பழகின காலு, வீட்டுல நிக்காது.

கம்ப்யூட்டரா? அதைத்தான் சொல்ல வாரேன். இது நாம பேசினா கேக்கிற கம்ப்யூட்டர். உள்ள ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கு. "திற"ன்னா திறக்கும். "எழுது"ன்னுட்டு நாம சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வரும். "அனுப்பு"ன்னா லெட்டரு போயிரும். கையே வேண்டாம். இப்ப அது மக்கர் பண்ணுது. என்ன மக்கருன்னு எடுத்த எடுப்புல சொன்னா உங்களுக்கு விளங்காது, முதல்ல இருந்து வாரேன்.

என் வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. நான் செம்பகம்னுதான் கூப்பிடுவேன். ஜெபமணி அக்கான்னு ஒருத்தவுக, மெயின் ரோட்டுல டி.டி.பி. சென்டர் வச்சிருக்காக. அதுல பதினெட்டு வருசம் செம்பகம் டைப்படிச்சா. காலேஜுப் பிள்ளைக கொண்டாற தீசிஸ், வக்கீல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அவ பாத்த காகிதத்துல ஒரு தப்பு இருக்காதும்பாங்க. பேச்சு மட்டும் கம்மி. வீட்டுலயும் நான்தான் பேசுவேன். ஒரு வீட்டுக்கு ஒரு மைக்கு போதும்ல? எங்களுக்குப் புள்ளைகுட்டி கிடையாது. அதனால நான் பேசுறதை அவதான் கேக்கணும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, எட்டயபுரம் ரோட்டுல ஒரு விசேஷ வீட்டுக்கு வண்டியில போனோம். "மெதுவாப் போங்க, மேடு வருது"ன்னு பின்னாடி இருந்து சொன்னா. காதுல விழத்தான் செஞ்சுச்சு. எப்பவும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். நான் ஒரு கதை சொல்லிக்கிட்டு வந்தேன், அதைப் பாதியில விட முடியுமா? வேகத்தடையில வண்டி ஏறித் தூக்கிப் போட்டுருச்சு. எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவளுக்குக் கழுத்து எலும்பு போச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யலை தம்பி. கையும் இல்லை, காலும் இல்லை. என் தப்புன்னு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடாதவனைப் பிடிச்சுக் கேக்கணும், என்னை எதுக்குக் கேக்கணும்?

அன்னைல இருந்து நான்தான் எல்லாம். காலையில மட்டும் மாடத்தின்னு ஒரு பிள்ளை வந்து துடைச்சு, துணி மாத்திவிட்டுப் போகும். சோறு ஊட்டுறது, திருப்பிப் படுக்கப்போடுறது, மாத்திரை, எல்லாம் இந்தக் கைதான். குறை வச்சேன்னு ஒருத்தர் சொல்லட்டும், நான் பேரை மாத்திக்கிடுதேன்.

போன வருசம் ஜெபமணி அக்கா ஒருநாள் ஆட்டோவுல இந்தக் கம்ப்யூட்டரை ஏத்திக்கிட்டு வந்தாக. கட்டிலு பக்கத்துல ஸ்டூலைப் போட்டு வச்சாக. "செம்பகம், உனக்கு வாய் இருக்கு, கண்ணு இருக்கு, மூளை இருக்கு. தீசிஸ் திருத்துற வேலையை நான் வீட்டுக்கே அனுப்புறேன். நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டே பாரு. யாருக்கு என்ன எழுதணுமோ நீயே எழுதலாம்"னாக. அவ சிரிச்சா தம்பி. அடிபட்டதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சா. எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. நான் எத்தனை கதை சொல்லியிருக்கேன், எதுக்கும் சிரிக்கலை.

அக்கா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போனாக. "இதுக்கு முதல்ல குரலைப் பழக்கணும் அண்ணே. உள்ள இருபது பாடம் இருக்கு. யாரு பேசப் போறாங்களோ அவங்க வாயால வாசிக்கணும். பத்து நாள் ஆகும், பொறுமையா இருங்க"ன்னாக. பொறுமையா இருக்க நான் மாட்டேங்கலை. மறுநாள் காலையிலேயே உக்காத்தி வச்சேன். முதல் பாடம், முதல் வரி: "இன்று காலை வானம் தெளிவாக இருக்கிறது." இம்புட்டுத்தான். செம்பகத்துக்கு மூச்சு நிக்காது. "இன்று காலை"ம்பா, ஒரு இழுப்பு இழுப்பா, "வானம்"பா. கம்ப்யூட்டருல சிவப்பு லைட்டு எரியும். "மீண்டும் சொல்லவும்"னு வரும்.

மைக்கு தூரமா இருக்குன்னு கிட்டத்துல வச்சேன். கழுத்துப் பட்டையில உரசிக் கரகரன்னுச்சு. தள்ளி வச்சேன். ஃபேன் சத்தம்னு ஃபேனை நிப்பாட்டினேன், அவளுக்கு வேர்த்து ஊத்துது. அடுப்படியில மாடத்தி ஏனத்தைக் கீழ போட்டா, அதையும் ஒரு வார்த்தைன்னு எழுதிக்கிடுது. ஒன்பது தடவை அந்த ஒரு வரி. ஒன்பது தடவையும் சிவப்பு. "ஏ, நகரு, என்ன கோளாறுன்னு நான் பாக்கேன்"னு மைக்கை என் பக்கம் திருப்பி, தொண்டையைச் செருமிட்டு, ஒரே ஒரு தடவை சொன்னேன் தம்பி. பச்சை! அடுத்த வரி, பச்சை. அடுத்த வரி, பச்சை. இருபத்தாறு வருசத்து மைக்கு! உக்காந்த உக்காப்புல ஏழு பாடம், ரெண்டே நாளுல இருபதையும் முடிச்சுட்டேன்.

"ஏங்க, நான்ல படிக்கணும்"னா. "நீ எதுக்கு மூச்சைப் பிடிச்சுக் கஷ்டப்படுத? நீ என்கிட்டச் சொல்லு, நான் அதுகிட்டச் சொல்லுதேன். எல்லாம் ஒண்ணுதானே"ன்னேன். நான் தப்பாவா சொன்னேன்? டைம் ஆபீசுல அப்படித்தானே நடக்கும். கண்ட்ரோலரு உள்ள இருந்து ஒரு துண்டுச் சீட்டு குடுப்பாரு, "பத்து இருபது மதுரை, பிரேக் டவுன்"னு. அதை அப்படியே மைக்குல படிச்சா ஜனம் கல்லைத் தூக்கிக்கிட்டு வரும். "தவிர்க்க இயலாத காரணத்தால் சற்றுத் தாமதமாகப் புறப்படும்"னு நான் பக்குவமா மாத்திச் சொல்வேன். சொல்றதைச் சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல. அதுக்குத்தான சம்பளம்.

வீட்டுலயும் அப்படித்தான் செஞ்சேன். ஜெபமணி அக்காவுக்கு எழுதணும்பா. "எனக்குப் பகல் போக மாட்டேங்குது அக்கா, மூச்சு முட்டுற மாதிரி இருக்கு, ஒருநாள் நீங்க மட்டும் வாங்க"ன்னு சொல்வா. நான் மைக்குல, "இங்கு அனைவரும் நலம், தாங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்"னு சொல்வேன். எதுக்கு அடுத்தவுகளைக் கலங்க வைக்கணும்? அவ ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே, "நான் அப்படிச் சொல்லலை"ம்பா. "சாராம்சம் அதான்"பேன். தீசிஸ் வரும். ஒரு பக்கத்தைக் காட்டி இதைப் பூரா அடிச்சுருங்கம்பா. பாவம், ஒரு பிள்ளை ராவும் பகலும் கண்ணு முழிச்சு எழுதினது, அடிக்க மனசு வருமா? நான் அப்படியே விட்டு அனுப்புவேன். மூணாவது தீசிஸுக்கு அப்புறம் ஜெபமணி அக்கா போன் பண்ணி, "அண்ணே, இது செம்பகம் பாத்த வேலை மாதிரியே இல்லையே"ன்னாக. அப்புறம் வேலை வரலை. நல்லதாப் போச்சு, அவளுக்கும் ஓய்வு வேணும்ல.

சாத்தூரு வந்துருச்சா? காராச்சேவு வேணும்னா ஜன்னல் வழியா வாங்கிக்கிடுங்க. எனக்கு வேண்டாம், பல்லு ஆடுது.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு, வெயிலுமுத்து. கோயமுத்தூருல மில்லு ஒண்ணுல சூப்பர்வைசரு. போன மார்கழியில அவன் ஒரு லெட்டரு அனுப்பினான். அங்க ஒரு இடம் இருக்காம், கழுத்து அடிபட்டவுகளை வச்சுப் பழக்குறாகளாம். நாடியாலேயே, அதான் தாடையாலேயே, தள்ளி ஓட்டுற வீல் சேரு குடுக்காகளாம். ஆறு மாசத்துல ஏதோ ஒரு வேலைக்கும் ஏற்பாடு பண்ணிருவாகளாம். "ஒரு இடம் காலி இருக்கு அக்கா, தை மாசத்துக்குள்ள நீ வாரியா இல்லையான்னு நீயே எழுது. நீ சொன்னா நானே கார் எடுத்துட்டு வாரேன்"னு எழுதியிருந்தான்.

அவ உடனே, "வாரேன்னு எழுதுங்க"ன்னா. "வாரேன்னு எழுதுங்க"ன்னா மறுபடியும். மூணு தடவை சொன்னா. நான் மைக்கு முன்னாடி உக்காந்தேன். குரல் ஆடலை, அதை மட்டும் சொல்லணும். "அன்புள்ள தம்பிக்கு, அக்காவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எங்கும் வருவதற்கு விருப்பமில்லை. அனுப்பு." போயிருச்சு.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் யாருகிட்டப் பேசுவேன்? சுவத்துகிட்டயா? அவ பதில் சொல்லணும்னுகூட இல்லை எனக்கு. கண்ணைத் திறந்துக்கிட்டு அங்கன கிடந்தாப் போதும். ஊரு பூரா என் குரலைக் கேட்டுச்சு, ஆனா என்னைக் கேட்டவ அவ ஒருத்திதான். அவளை அனுப்பிட்டு நான் இருப்பேனா?

அன்னைக்கு வாயை மூடினவதான். ஒரு சொல்லு பேசலை. பசிக்கான்னா கண்ணை மூடித் திறப்பா. வலிக்கான்னா அதே. ஒரு மாசம், ரெண்டு மாசம், நாலு மாசம். திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போயிக் காட்டினேன். டாக்டரு டார்ச்சடிச்சுப் பாத்துட்டு, "தொண்டையில ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கு"ன்னுட்டாரு. நல்லா இருந்தா ஏன் பேசலை? அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஒண்ணும் நடக்கலை. நான்பாட்டுக்குப் பேசுவேன், அவ மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடப்பா. என் குரலு என் காதுக்கே சகிக்காமப் போச்சு தம்பி, பொய் சொல்லலை.

இந்த நேரத்துலதான் கம்ப்யூட்டரு மக்கர் பண்ண ஆரம்பிச்சது. ஒருநாள் சாயங்காலம் நியூஸ் பாப்போம்னு "திற"ன்னேன். திறக்கலை. "பேசுவது யார்? முதல் குரலா, இரண்டாவது குரலா?"ன்னு கேக்குது! என்னை! யாருன்னு! அணைச்சுப் போட்டேன், அதே கேள்வி. மைக்கை மாத்தினேன், அதே கேள்வி. வைரஸா இருக்கும்னு நினைச்சேன். இன்னொரு நாள் திறந்தா, யாரோ பாதியில விட்ட மாதிரி ஒரு பக்கம் கிடக்கு. "அன்புள்ள வெயிலு"ன்னு எழுதி, அதுக்கடுத்து தப்பும் தவறுமா ரெண்டு மூணு எழுத்து. "அழி"ன்னேன். அந்த ஒரு சொல்லையாச்சும் கேட்டுச்சே. அழிஞ்சிருச்சு. செம்பகம் கண்ணு திறந்துதான் இருந்துச்சு, பாத்துக்கிட்டுத்தான் கிடந்தா.

கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. அதைத் தட்டுங்க, இதைத் தட்டுங்க, ஸ்கிரீன்ல வார நம்பரைப் படிங்கன்னு அரை மணி நேரம் தலையால தண்ணி குடிக்க வச்சுட்டு, அங்க இருந்தே நெட்டு வழியா உள்ள பாத்துட்டு, கடைசியில, "ரிப்பேர் ஒண்ணுமில்ல சார். இதுல ரெண்டு பேர் குரல் பழகியிருக்கு. முதல் குரல் முடிஞ்சிருச்சு. ரெண்டாவது குரல் இப்ப பதினாறாவது பாடத்துல இருக்காங்க. பாவம் சார், ஒவ்வொரு வரியும் அறுபது எழுபது தடவை சொல்லியிருக்காங்க"ன்னுச்சு. எங்க வீட்டுல ரெண்டாவது குரலே கிடையாதேம்மான்னேன்.

முந்தாநாள் டைம் ஆபீசுக்குப் போறேன்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கதவு சாத்தியிருக்கு. வாசல்ல நின்னு காதை வச்சேன். "ஆறு... கடலில்... கலக்கிறது." ஒரு இழுப்பு. "ஆறு... கடலில்..." செம்பகம் குரலு தம்பி. நாலு மாசமாச்சு நான் அந்தக் குரலைக் கேட்டு. தேஞ்சு, கிழிஞ்சு, காத்து மாதிரி இருக்கு. மாடத்தி, "சிவப்பு அண்ணி, இன்னொரு தடவை"ங்கா. மறுபடி, "ஆறு கடலில்". இருமுறா. மாடத்தி தண்ணி குடுக்கா. மறுபடி. நான் எண்ணலை. காலு மரத்துப்போற வரைக்கும் நின்னேன். அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன வெக்கம். சந்தோசத்துலதான் அழுதேன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுச்சு. நாலு மாசமா என்கிட்ட ஒரு சொல்லுக்கு வழியில்லை, இந்தத் தகரப் பொட்டிகிட்டத் தினம் ஒரு மணி நேரம் பேச்சா? நான் வெளிய போற நேரம் பாத்து? ஏ யப்பா, என்ன நெஞ்சழுத்தம்! கதவைத் திறந்தேன். டக்குனு வாயை மூடிட்டா. மாடத்தி சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கா.

மாடத்தியை அன்னைக்கே வர வேண்டாம்னுட்டேன். ரெண்டு பேரும் சேந்துல்ல எனக்குத் துரோகம் பண்ணியிருக்காளுக. அவதான் தினம் பொட்டியைப் போட்டு, மைக்கைப் பிடிச்சு, நான் வாரதுக்குள்ள அணைச்சு வச்சிருக்கா.

இப்ப மதுரையில ஒரு கடை சொன்னாங்க, அங்க போறேன். அந்த ரெண்டாவது குரலை அடியோட எடுத்துருங்கன்னு சொல்லப் போறேன். எடுத்துட்டா பழையபடி சரியாயிரும். என்னைப் பாத்து யாருன்னு கேக்காது.

செம்பகமா? வீட்டுலதான் இருக்கா. கூட யாருமில்லை. மாடத்தியைத்தான் நிப்பாட்டியாச்சே. அக்கம்பக்கத்துலயும் சொல்லலை, ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. கதவைப் பூட்டிட்டு வந்திருக்கேன். வாய்க்கு எட்டுற மாதிரி டம்ளருல தண்ணி வச்சு ஸ்ட்ரா போட்டிருக்கேன், ஃபேனு ஓடுது. கடைக்காரன் சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா சாயங்காலம் போயிருவேன். இல்லைன்னா ராத்திரி ஆகும். என்ன செய்ய, அவளால எழுந்திரிச்சு எங்கயும் போக முடியாதுல்ல, அதனால பயமில்லை.

எந்தத் தெருவா? எதுக்குக் கேக்கீங்க? தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து, பச்சைக் கேட்டு. சண்முகையா வீடுன்னு கேட்டாத் தெரியாது, பஸ் ஸ்டாண்டு மைக்குக்காரர் வீடுன்னு கேளுங்க. ஏன் எந்திரிக்கீங்க? இது விருதுநகருல்ல, நீங்க மதுரைன்னுதான சொன்னீங்க? போனை அப்புறம் பேசலாம் தம்பி, யாருக்கு அப்படி அவசரமாப் போடுதீங்க? இருங்க, முக்கியமானதையே நான் இன்னும் சொல்லலையே. பஸ்ஸு இங்க அஞ்சு நிமிசம் நிக்கும், அந்த டைம் எனக்குத் தெரியாதா?

இன்னைக்குக் காலையில வயரைப் பிடுங்கினேன்ல. முதல்ல கரண்டு வயரு, அப்புறம் மைக்கு வயரு. பொட்டியைத் தூக்கிப் பையில வச்சேன். அப்ப அவ பேசினா தம்பி! என்னைப் பாத்து, என் முகத்தைப் பாத்து! "ஏங்க, ஒரு பாடம்தாங்க பாக்கி. இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. ஒரே ஒரு பாடம்தாங்க"ன்னா. மூச்சு வாங்க வாங்க, கண்ணுல தண்ணி வழிய, நாலு தடவை சொன்னா. நாலு மாசம்! டாக்டரால முடியலை, நேர்த்திக்கடனால முடியலை. என்கிட்டப் பேசிட்டா தம்பி, பேசிட்டா! இம்புட்டுத்தான் விசயம்னு தெரிஞ்சிருந்தா முத மாசமே வயரைப் பிடுங்கியிருப்பேன்.